இரவை நடத்துபவருக்குப் பகலிலும் ஓர் இருக்கை

பிரிட்டனில் ஒரு சாதாரண மாவட்ட மருத்துவமனையில் இரவு ஒன்பது, ஒன்பதரை மணிக்கு மேல் பொது மருத்துவப் பிரிவு முழுவதும் மெடிக்கல் ரெஜிஸ்ட்ராரின் கைக்கு வந்துவிடும். கன்சல்டன்ட் எனப்படும் மூத்த நிபுணர் வீட்டில் இருப்பார். அழைத்தால் பேசுவார், தேவைப்பட்டால் புறப்பட்டு வருவார். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பவரை வார்டில் சேர்ப்பதா வேண்டாமா, மேல்மாடியில் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் முதியவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்பதா, இல்லை, இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று அவருடைய மகளை உட்கார வைத்துச் சொல்வதா என்பவற்றையெல்லாம் அந்த நேரத்தில் முடிவு செய்பவர் ரெஜிஸ்ட்ரார்தான். யாராவது 2222 என்ற எண்ணைச் சுழற்றினால் ஓடிவரும் இதய மீட்புக் குழுவுக்கு வழக்கமாகத் தலைமை ஏற்பவரும் அவரே. இவ்வளவுக்கும் ஏட்டில் அவர் இன்னும் ஒரு பயிற்சி மருத்துவர்.

விடிந்ததும் அவர் தாம் சேர்த்த நோயாளிகளைக் கன்சல்டன்ட்டுடன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அதன்பிறகு அதே கட்டடத்தின் இன்னொரு மூலையில், எத்தனை படுக்கைகள் காலியாக உள்ளன, எந்த வார்டை மூடலாம், இரவுக்கு எத்தனை மருத்துவர்கள் போதும் என்று பேசும் கூட்டங்கள் தொடங்குகின்றன. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மருத்துவமனையை அதிகாலை மூன்று மணிக்குப் பார்த்து வருடக்கணக்காகியிருக்கும். பார்த்தவரோ அப்போது தூங்கிக்கொண்டிருப்பார். இந்த இடைவெளியைக் குறைப்பதற்காக ஏற்பட்டதுதான் சீஃப் ரெஜிஸ்ட்ரார் என்ற பொறுப்பு. நான் ஓராண்டு அந்தப் பொறுப்பில் இருந்தேன். ஊரிலிருந்து பேசும் நண்பர்களும் இங்கே புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையரும் அது என்ன பதவி, சம்பளம் கூடுமா, சி.வி.யில் ஒரு வரி என்பதற்கு மேல் அதில் ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

இதன் பின்னணியில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையின் கதை இருக்கிறது. 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் அடைந்த துன்பங்களை விசாரித்த வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸின் இறுதி அறிக்கை, 290 பரிந்துரைகளுடன் 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையின் கண்களும் காதுகளும் போன்றவர்கள் என்ற கருத்தை அது வலியுறுத்தியது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு மருத்துவமனை என்று மாறிக்கொண்டே இருப்பவருக்கு, அங்கேயே பழகிப்போனவர்களுக்குத் தெரியாத குறைகள் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் இல்லை என்பதுதான் சிக்கல். அதே ஆண்டு செப்டம்பரில், பொது மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் நியமித்த ஃப்யூச்சர் ஹாஸ்பிட்டல் கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. மைக்கேல் ராலின்ஸ் தலைமையிலான அந்தக் குழு, நிர்வாகத்துக்கும் இளம் மருத்துவர்களுக்கும் இடையே மூத்த பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2016இல் அது சீஃப் ரெஜிஸ்ட்ரார் திட்டமாக நடைமுறைக்கு வந்தது. பணி ஓராண்டு; வேலை நேரத்தில் 40 முதல் 50 விழுக்காடு, அதாவது வாரத்தில் ஏறத்தாழ இரண்டு நாள், தலைமைப் பணிக்கு என்றே ஒதுக்கப்பட வேண்டும்; மீதி நாட்களில் வழக்கமான மருத்துவப் பணி; இடையிடையே கல்லூரி நடத்தும் பயிற்சி வகுப்புகள்.

அமெரிக்காவில் சீஃப் ரெசிடென்ட் என்பது பழைய ஏற்பாடு. அதன் வேர் 1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் உருவாக்கிய ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி முறையில் இருக்கிறது. அங்கே பொது மருத்துவத்தில் பெரும்பாலும் மூன்றாண்டு ரெசிடென்சியை முடித்தவரே கூடுதலாக ஓராண்டு தங்கி, கற்பித்தலையும் பணிப் பட்டியலையும் கவனித்துக்கொள்கிறார். நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் யூனிட்டின் மூன்றாமாண்டு பி.ஜி. (முதுநிலை மாணவர்) அட்மிஷன் நாளில் செய்வதும் ஏறக்குறைய இதே தலைமைதான். ஹவுஸ் சர்ஜன்களை யார் எங்கே நிற்பது என்று பிரித்து அனுப்பி, யூனிட் தலைவரான சீஃப் ரவுண்ட்ஸுக்கு வருவதற்குள் வார்டை ஒழுங்குக்குக் கொண்டுவருபவர் அவர். அதற்கு ஒரு பெயரும் கிடையாது, நேரமும் கிடையாது, டீன் அறையில் நாற்காலியும் கிடையாது என்பதே வித்தியாசம்.

இந்தப் பொறுப்பில் பேச்சுத்திறனையும் தலைமைப் பண்பையும் விட முக்கியமானது அந்த இரண்டு நாள். பிரிட்டனில் ரோட்டா என்று எல்லோரும் சொல்லும் பணிப் பட்டியலில் எப்போதும் ஓட்டைகள் இருக்கும். ஒருவர் பேறுகால விடுப்பில் போவார், இன்னொருவர் பகுதி நேரப் பயிற்சிக்கு மாறுவார், மூன்றாவது இடத்துக்கு ஆளே வராது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வார்டில் ரெஜிஸ்ட்ரார் இல்லையென்றால், அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் சீஃப் ரெஜிஸ்ட்ராரைத்தான் எல்லோர் கண்ணும் தேடும். ஒரு முறை போனால் தப்பில்லை என்றுதான் தோன்றும். நோயாளி காத்திருக்கும்போது மறுக்கவும் மனம் வராது. ஆனால் இப்படியே போனால் கார்த்திகைக்குள் அந்த இரண்டு நாளும் கரைந்து, கையில் பதவிப் பெயர் மட்டும் மிஞ்சும். ஆகவே அந்த நாட்கள் ரோட்டாவிலேயே தனி நிறத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த இடத்தை நிரப்பத் தனியாக ஆளும் பணமும் இருக்க வேண்டும் என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆள் போடாமல் பதவி மட்டும் கொடுக்கும் மருத்துவமனை, ஒரு ரெஜிஸ்ட்ராரின் சம்பளத்தில் இரண்டு வேலை வாங்க நினைக்கிறது, அவ்வளவுதான்.

ரோட்டா என்றதும் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஒரு மருத்துவமனையில் இளம் மருத்துவர்களின் வாழ்க்கையை மிக நேரடியாகத் தீர்மானிப்பவர் மருத்துவர்களுக்கெல்லாம் தலைமை நிர்வாகியான மெடிக்கல் டைரக்டர் அல்லர், பணிப் பட்டியலைத் தயாரிக்கும் ரோட்டா கோஆர்டினேட்டர். தங்கையின் கல்யாணத்துக்குப் போக முடியுமா, எம்.ஆர்.சி.பி. தேர்வுக்கு முந்தின இரவு வேலையில் இருக்க வேண்டுமா என்பதெல்லாம் அவர் திரையில் இருக்கும் கட்டங்களைப் பொறுத்தது. பயிற்சி மருத்துவர்கள் அவரைப் பற்றிக் குறை சொல்வார்களே தவிர, அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. உட்கார்ந்தால்தான் அவருடைய நெருக்கடி தெரியும். சராசரியாக வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து வரும் எந்த 168 மணி நேரத்திலும் (ஏழு நாளில்) 72 மணிக்கு மேல் கூடாது, ஒரு ஷிஃப்ட் 13 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரவுப் பணிகள் முடிந்தபின் 46 மணி நேர ஓய்வு என்று இங்கிலாந்தின் பயிற்சி மருத்துவர்களுக்கான 2016 ஒப்பந்தமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வைத்திருக்கும் விதிகளுக்குள் அவர் ஆட்களைப் பொருத்த வேண்டும். பணிப் பட்டியலை ஆறு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது நடைமுறை விதி. ஆனால் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை வேலையில் சேரப்போகிறவர்களின் பெயர்களே அவருக்குத் தாமதமாகத்தான் கிடைக்கும். சீஃப் ரெஜிஸ்ட்ரார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் ஒன்று, விடுப்பு கேட்பதற்கான வழியை அவரோடு சேர்ந்து தெளிவாக்கி, அதை எல்லோருக்கும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுப்பது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். அதற்குக் கிடைத்த நன்றி வேறு எதற்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹேண்ட்ஓவர், அதாவது அடுத்து வரும் மருத்துவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வார இறுதியில் வார்டுகளில் இருக்கும் மருத்துவர்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிடும். வாரம் முழுவதும் நோயாளியைப் பார்த்தவர் வெள்ளி மாலை போகும்போது, சனி, ஞாயிறில் செய்ய வேண்டியவற்றை ஒரு பட்டியலில் எழுதிவிட்டுப் போவார். நான் பொறுப்பேற்றபோது அந்தப் பட்டியலில் பெரும்பாலான வரிகள் இப்படித்தான் இருக்கும்: ‘படுக்கை 14, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கவும்.’ சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பல வார்டுகளுக்கும் சேர்த்துப் பொறுப்பாக நிற்கும் ஒரு இளம் மருத்துவர் அந்த முடிவைப் பார்க்கிறார், பொட்டாசியம் 6.1. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய அளவு. நேற்று எவ்வளவு இருந்தது, இவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானதா, நிலைமை மோசமானால் டயாலிசிஸுக்கு அனுப்பலாமா என்று எதுவும் அந்த வரியில் இல்லை. கோப்பைத் தேடி எடுத்து, ஒரு வாரக் குறிப்புகளைப் படித்து, ரெஜிஸ்ட்ராரை அழைத்து என்று அரை மணி நேரம் ஓடிவிடும். இப்படிப் பத்து வரிகள் இருந்தால் அந்த இரவின் கதியை நினைத்துப் பாருங்கள்.

மாற்றிய பிறகு அதே வரி இவ்வாறு ஆனது: ‘படுக்கை 14. சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர், வெள்ளியன்று பொட்டாசியம் 5.7. சனி மாலை மீண்டும் பார்க்கவும். 6.0-ஐத் தொட்டால் ஈ.சி.ஜி. எடுத்து ரெஜிஸ்ட்ராரிடம் சொல்லவும். டயாலிசிஸுக்கு ஏற்றவர்.’ எதற்காகப் பார்க்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும், சிகிச்சையின் எல்லை எது என்ற மூன்றும் இல்லாமல் எந்த வேலையையும் பட்டியலில் ஏற்ற முடியாதபடி கணினிப் படிவத்தையே மாற்றினோம். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. படிவத்தை மாற்றக் கணினிப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு நோயாளிப் பாதுகாப்புக் குழுவில் பேச வேண்டும். இவ்வளவு எழுத வெள்ளி மதியம் நேரம் கிடைக்க வேண்டுமென்றால் கன்சல்டன்ட்கள் தங்கள் ரவுண்ட்ஸை முன்பே முடிக்க வேண்டும். ஒரு சாதாரண ரெஜிஸ்ட்ரார் இதைச் செய்யவே முடியாது. அவருக்கு அறிவு இல்லாததால் அல்ல. அந்தக் குழு எப்போது கூடுகிறது என்பதே அவருக்குத் தெரியாது என்பதால். மெடிக்கல் டைரக்டர் கன்சல்டன்ட்களுக்கு அனுப்பிய ஒரே ஒரு மின்னஞ்சல், நான் வார்டு வார்டாக நடந்து கேட்டதைவிட அதிகம் சாதித்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மின்னஞ்சலை அனுப்பச் சொல்லும் இடத்தில் இருப்பதுதான் இந்தப் பதவியின் மதிப்பு.

எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் என்ற ஒன்றும் 2016 ஒப்பந்தத்தோடு வந்தது. ஒருவர் தம் நேரத்துக்கு மேல் வேலை செய்தாலோ இடைவேளை கிடைக்காமல் போனாலோ அதைப் பதிவு செய்யலாம்; பாதுகாப்பான வேலை நேரத்தைக் கண்காணிக்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு கார்டியன் இருப்பார். பலரும் இதைக் கூடுதல் நேரத்துக்கான பணத்தைக் கேட்கும் படிவமாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கோ அது மருத்துவமனையின் எந்த இடத்தில் வலிக்கிறது என்று காட்டும் வரைபடமாகத் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட வார்டிலிருந்து மட்டும் மாலை நேரப் பதிவுகள் குவிந்தபோது, அங்கே ஆள் பற்றாக்குறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போய் நின்று பார்த்தால், மதியம் நான்கு மணிக்கு, நோயாளிகளின் பெயர்ப் பலகை முன் நின்று குழு பேசும் போர்டு ரவுண்டில்தான் புதிய வேலைகள் முளைத்தன; ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர் அவற்றை முடித்துவிட்டுக் கிளம்ப ஏழாகிவிடும். அதை ஒரு மணிக்கு மாற்றச் செவிலியர் பொறுப்பாளரின் சம்மதம் ஒன்றே போதுமாக இருந்தது.

இந்தப் பொறுப்பின் கசப்பான பக்கம், இரண்டு பக்கமும் ஒருவரை முழுதாக நம்பாததுதான். மருத்துவர்களின் ஓய்வறையான மெஸ்ஸில் உட்கார்ந்தால் நிர்வாகத்தின் ஆள். நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்தால் மருத்துவர் சங்கத்தின் ஆள். 2023 மார்ச்சில் இங்கிலாந்தில் தொடங்கிய வேலைநிறுத்தங்களின்போது இது உச்சத்தை எட்டியது. அப்போது ஜூனியர் டாக்டர்கள் எனப்பட்டவர்கள் வெளிநடப்புச் செய்ய, இரவுப் பணிக்குக் கன்சல்டன்ட்கள் வந்தார்கள். சீஃப் ரெஜிஸ்ட்ராரும் பயிற்சி மருத்துவர்தான். அவருக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் யார் யார் வேலைக்கு வரமாட்டார்கள் என்ற பட்டியலை அவரிடம்தான் மெல்லக் கேட்பார்கள். வேலைநிறுத்தம் செய்யப் போகிறேனா என்பதை முன்கூட்டியே நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த மருத்துவருக்கும் இல்லை என்பதால், அந்தப் பட்டியலை நான் தயாரிப்பதற்கு இல்லை என்று சொல்வதே சரி. இரவில் எந்த பிளீப் (அழைப்புக் கருவி) எங்கே இருக்கும், புது மென்பொருளில் மருந்து எழுதுவது எப்படி என்று கன்சல்டன்ட்களுக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு விஷயம், அது நோயாளிக்காக. அந்த நாட்களில் சில கன்சல்டன்ட்கள் இரவு நிலவரத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு நேரில் பார்த்தார்கள் என்பது எதிர்பாராத லாபம்.

ஓராண்டு என்ற கால அளவு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முதல் மூன்று மாதம் யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று அறிவதிலேயே போய்விடுகிறது. வேலை சூடு பிடிக்கும்போது அடுத்த ஆகஸ்ட் வந்துவிடுகிறது. அடுத்து வருபவர் புதிய திட்டத்தைத் தொடங்க ஆசைப்படுவாரே தவிர, முந்தையவர் விட்டதைத் தொடர விரும்புவது அரிது, சி.வி.யில் தொடர்ந்ததற்கு மதிப்பு குறைவு. ஒரு மாதமாவது இருவரும் சேர்ந்து பணியாற்றும்படி செய்தால் பாதி இழப்பைத் தவிர்க்கலாம்.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாக இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து, முறையான பயிற்சித் திட்டத்துக்கு வெளியே உள்ள டிரஸ்ட் கிரேடு பணிகளில் தொடங்கி, இப்படி ஒரு பொறுப்பு இருப்பதே காதில் விழாமல் ரெஜிஸ்ட்ரார் நிலைக்கு உயர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பது போல நீங்களும் கேளுங்கள். அந்த இரண்டு நாட்கள் எவை, அந்த நாட்களில் வார்டில் உங்கள் இடத்தில் நிற்பவர் யார், அவருக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, மெடிக்கல் டைரக்டரை மாதம் ஒரு முறையாவது தனியாகச் சந்திக்க முடியுமா, போன வருடம் இருந்தவர் தொடங்கியவற்றில் இன்னும் நடப்பது எது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லையென்றால், போன வருடம் இருந்தவரின் எண்ணை வாங்கி அவரிடமே பேசிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.