ஒன்பது மேற்கோள்கள்

ஆண்டுதோறும் எங்கள் வேதியியல் துறையில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகள் எத்தனை, பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய மேற்கோள்கள் எத்தனை, எச்-இன்டெக்ஸ் என்ன என்று மூன்று கட்டங்கள் அதில் இருக்கும். கடைசிக் கட்டத்துக்கான அளவுகோலை 2005-இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர். ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 மேற்கோள்களையாவது பெற்றிருந்தால் அவருடைய எண் 10. 11 கட்டுரைகள் தலா 11 மேற்கோள்களை எட்டும்வரை அந்த எண் அசையாது.

என் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது, ஒரு கோடை விடுமுறையில் பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்து நான் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரை. அது பயனுள்ளதுதான், ஆனால் என் உழைப்பு அதில் இல்லை. பட்டியலின் அடியில், ஒன்பதே மேற்கோள்களுடன், ஒரு தாமிரச் சேர்மத்தின் படிக அமைப்பைப் பற்றிய கட்டுரை இருக்கிறது. அந்தப் படிகத்துக்காக என் ஆய்வு மாணவி இரண்டு ஆண்டுகள் கரைப்பான்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். சிறு கண்ணாடிக் குப்பியின் வாயை அலுமினியத் தாளால் மூடி, ஊசியால் துளையிட்டு, கரைப்பான் மெல்ல ஆவியாகும்படி வைப்பார். ஒவ்வொரு முறையும் தூள்தான் படியும். ஒரு திங்கட்கிழமை காலையில் குப்பியின் அடியில் நீல ஊசிகள் கிடந்தன. தாமிரத்தை நான்கு அணுக்கள் சூழ்ந்திருக்கும் என்று நாங்கள் வரைந்து வைத்திருந்தது தவறு, ஐந்தாவதாக ஒரு நீர் மூலக்கூறும் பிணைந்திருக்கிறது என்பதை எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது.

அந்த அமைப்பைக் கணிக்க நாங்கள் பயன்படுத்தியது, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பணியாற்றிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக் உருவாக்கிய ஷெல்எக்ஸ் என்னும் கணினி நிரல். அதன் வரலாற்றை அவர் 2008-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். நிரலைப் பயன்படுத்திய அனைவரும் அதை மேற்கோள் காட்டினோம். அக்கட்டுரை வெளிவந்த ஆய்விதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் அண்மைக் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் எண்ணிக்கை, 2-ஐ ஒட்டி இருந்தது; அதனால் 2009-இல் ஏறத்தாழ 50 ஆயிற்று. 2011-இல் மீண்டும் 2-க்கு வந்துவிட்டது. இதழின் மற்றக் கட்டுரைகள் இடையில் மேம்படவும் இல்லை, தாழவும் இல்லை. புரதத்தை அளவிட 1951-இல் ஆலிவர் லவுரியும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. அது பெரிய கட்டுரை அல்ல என்பது தமக்கே தெரியும் என்று லவுரியே எழுதியிருக்கிறார். கருவியையும் செய்முறையையும் தந்தவர்களுக்கு நன்றி சொல்லும் வழி மேற்கோள், அது அவர்களுக்கு உரியதே. அந்த எண்ணை எடுத்து, படிகம் வளர்ப்பவரையும் நிரல் எழுதுபவரையும் ஒரே தராசில் நிறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பதவி உயர்வு நேர்காணலுக்கு அந்தப் படிக அமைப்பின் படத்தை எடுத்துச் சென்றிருந்தேன். குழுவினர் மேற்கோள் தாளை மட்டும் புரட்டிவிட்டு என்னை அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இந்த ஆண்டு படிவத்தை நிரப்புமுன் அந்த ஒன்பதையும் தேடியெடுத்துப் படித்தேன். மூன்று, எங்கள் குழுவே எழுதியவை. ஐந்து, முன்னுரையில் பல மேற்கோள் எண்களோடு சேர்த்து எங்கள் கட்டுரையின் எண்ணையும் போட்டுவிட்டுக் கடந்தவை. மிஞ்சிய ஒன்று, தாமிரத்துக்குப் பதில் நிக்கலை வைத்து, எங்கள் கரைப்பான் கலவையை அதே விகிதத்தில் எடுத்துப் படிகம் வளர்த்திருந்தது. இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் அந்த மாணவியை உடனே தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"அவங்களுக்குப் படிகம் வர எத்தனை நாள் ஆச்சாம் சார்?" என்று கேட்டார்.

ஆறு நாள் என்று எழுதியிருந்தார்கள்.