கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்

டெக்சஸில் ஒரு டிரெய்லர் விற்பனை வளாகம். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் (பிக்கப் டிரக்கின் பின்தட்டில் மாட்டி இழுக்கும் டிரெய்லர்) முன்னால் ஒரு பிக்கப். ஓட்டுநர் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்டிக்கர்: ஆட்களும் சரக்கும் சேர்த்து 1,650 பவுண்டு.

எவ்வளவு இழுக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

முதலில் உதைப்பது கிங்பின் எடை: டிரெய்லரின் முன்பக்க இணைப்பு ஊசி வழியாக டிரக் மேல் இறங்கும் பாரம்.

நிறைசுமையில் சுமார் 20 சதவீதம் டிரக் முதுகில் உட்காரும். 12,000க்கு 2,400. இரண்டையும் இணைக்கும் ஹிட்ச் 150 தனி. ஆட்கள் இன்னும் ஏறவே இல்லை!

பிரோஷரில் இருக்கும் கிங்பின் எடை காலி டிரெய்லரின் கணக்கு. பேட்டரி, கேஸ் சிலிண்டர், சாமான் எல்லாம் பெரும்பாலும் முன்பக்கம்தான் சேரும்.

டிரக்கின் பெட் (பின்தட்டு) ஐந்தரை அடிதான் என்றால் இன்னொரு வில்லங்கம். ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லர் மூக்கு கேபின் பின்கண்ணாடியில் இடிக்கலாம். அதற்கு, திருப்பும்போது பின்னால் நகர்ந்து இடம்விடும் ஸ்லைடர் ஹிட்ச். சாதா ஹிட்ச்சைவிடக் கனம். அதுவும் அதே 1,650க்குள்தான்.