முசஃபாவுக்கு வரும் வெல்டர் தம்பிகளுக்கு

மார்த்தாண்டத்திலோ குளச்சலிலோ கேட்டும் கிரில்லும் அடித்துப் பழகிய கைக்கு அபுதாபி முசஃபாவில் வந்த வேகத்தில் வைக்கிற பரீட்சை 6ஜி: இரண்டு பைப் துண்டுகளை ஒட்டிக் காட்ட வேண்டும். கோணம் ஐடிஐ சான்றிதழ் உங்களை விமானம் ஏற்றிவிடும். சம்பளத்தை முடிவு செய்வது அந்தப் பைப்தான்.

பைப் 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும். வளைந்து சுற்ற வேண்டியவர் நீங்கள். பெரும்பாலும் ரூட் (அடியில் போடும் முதல் வரிசை) டிக்கில், அதாவது ஆர்கான் வாயு மூடிக் காக்கும் வெல்டிங்கில்; அதற்கு மேல் 7018 என்ற வெல்டிங் ராடு. ரூட்டில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி 2.4 மி.மீ. என்றால் இரு துண்டுக்கும் இடைவெளி 3 மி.மீ. வாக்கில் இருக்கட்டும். டேக் (துண்டுகளைப் பிடித்து வைக்கும் சிறு வெல்டிங்) வைத்தபின் அந்தக் கம்பியையே நுழைத்துச் சுற்றிலும் பாருங்கள். ஒரு பக்கம் இறுகியிருந்தால் அங்கே ரூட் இறங்காது. அதிகம் பேர் கவிழ்கிற இடம் அடிப்பக்கம், கடிகாரத்தின் ஆறு மணி. உருகியது கீழே தொங்கி, பைப்பின் உள்ளே குழி விழும்; எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஆம்பியரைக் கொஞ்சம் இறக்கி, ஃபில்லரை இடைவெளிக்குள் தள்ளிக் கொடுங்கள். நிறுத்திய முனையைக் கிரைண்டரால் சரிவாகச் சீவிவிட்டே தொடருங்கள்.

வெக்கை தாங்காமல் ஃபேனைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. ஆர்கான் பறந்துபோய், பீடு (வெல்டிங் வரிசை) முழுக்க ஊசித்துளை! 7018 ஈரம் குடிக்கும் ராடு. நம்மூர்ப் பட்டறையில் பாக்கெட் பிரித்தபடியே கிடக்கும். இங்கே ஓவனிலிருந்து சூடாக எடுத்து, கையோடு கொண்டுபோகும் சிறு ஓவனில்தான் வைக்க வேண்டும். ஈரத்தின் ஹைட்ரஜன் பின்னால் விரிசலாக வரும்.

தேறினாலும் அது நிரந்தரமில்லை. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாவிட்டால் அதற்கான தகுதி காலாவதி. கிரைண்டிங் வேலைக்குத் தள்ளிவிட்டால் சும்மா இருக்காதீர்கள். இடையிடையே ஜாயின்ட் கேட்டு வாங்கி, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

இனி காசு. மாதம் 1,800 திர்ஹம் என்றதும் தலையாட்டிவிடாதீர்கள். அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 900 என்றால் ஓவர்டைம் மணிக்கு 4.70 திர்ஹம் அளவில். பேசிக் 1,400 என்றால் 7.30 அளவில். சாதாரண ஓவர்டைமுக்குப் பேசிக்கின் மணிக்கூலியோடு 25 சதவீதம் கூடுதல் என்பதுதான் கணக்கு. ஐந்து வருடம் முடித்துக் கிளம்பும்போது வரும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) வருடத்துக்கு 21 நாள் பேசிக்தான்: பேசிக் 900 உள்ளவருக்கு மொத்தம் ஏறக்குறைய 3,150, 1,400 உள்ளவருக்கு 4,900.

ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். நாகர்கோவிலில் ஏஜென்ட் முன்னால் கையெழுத்துப் போடுமுன் இரண்டு வரி பாருங்கள்: பேசிக் எவ்வளவு, வேலை ‘வெல்டர்’ என்றா ‘ஹெல்பர்’ என்றா.