நெதர்லாந்தில் வேலைக்குப் போக: காருக்கு முன் சைக்கிள்

நெதர்லாந்துக்குக் குடிவந்தபின் நம்மூர் ஓட்டுநர் உரிமம் 185 நாள்தான் செல்லும். அந்தப் பதற்றத்தில் புதிதாக வருகிறவர்கள் பலர் காருக்கும் டிரைவிங் வகுப்புக்கும் அலைகிறார்கள். ஆபீஸ் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த அவசரமே வேண்டாம். ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டெல்வேனிலிருந்து, அந்நகரின் ஆபீஸ் வட்டாரமான ஸைடாஸுக்கு அரை மணிக்குள் சைக்கிளில் போய்விடலாம்.

நம் ஆட்களைத் தடுமாற வைப்பது முதலில் பிரேக்தான். பழைய டச்சு சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் சும்மா பெடலைப் பின்னால் சுழற்றுவது நமக்குப் பழக்கம். இங்கே அப்படிச் செய்தால் வண்டி சட்டென நின்று, ஈரத்தில் வழுக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிக்னலில் நின்றபின் பெடலைப் பின்னுக்குத் திருப்பித் தூக்கி வைக்க முடியாது. ஆகவே நிற்கப் போகும்போதே ஒரு பெடல் முன்பக்கம் சற்று மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். மறந்துவிட்டால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலை முன்னால் சுற்றிக்கொள்ளலாம். ஆளில்லாத பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் பழகினால் கால் தானாகச் செய்யும். இதற்கு மனமில்லையென்றால் ஹேண்டிலில் இரண்டு பிரேக்கும் கியரும் உள்ளதாக வாங்குங்கள்.

டச்சுக்காரர்கள் உயரம் என்பதால் பழைய சைக்கிள்களும் உயரம். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு கால் நுனியும் தரையைத் தொடவேண்டும். தெருவில் யாராவது அடிமாட்டு விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள்; திருட்டு வண்டியை வாங்குவதும் இங்கே குற்றம். பின்சக்கரப் பூட்டு மட்டும் போதாது, அப்படியே தூக்கிப் போய்விடுவார்கள். தடித்த செயினால் சைக்கிளின் ஃபிரேமைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

சாலையில் வலப்பக்கம் போகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண் பழைய பழக்கத்தில் வலப்பக்கம்தான் முதலில் பார்க்கும். முதலில் இடதுபுறம் பாருங்கள். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலதிலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அது சைக்கிளானாலும் சரி. தரையில் வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை உங்களை நோக்கியிருந்தால் வழிவிட வேண்டியது நீங்கள். டிராம் தண்டவாளத்தைக் குறுக்காக, நேர்கோணத்தில் தாண்டுங்கள். சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் சிக்கி விழுவது நிச்சயம். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தாலே அபராதம். 2019 ஜூலையிலிருந்து இந்தச் சட்டம் இருக்கிறது.

தூரம் அதிகமென்றால் ஸ்டேஷன் வரை சைக்கிள், பிறகு ரயில். உட்ரெக்ட் ஸ்டேஷனின் கீழே 12,500 சைக்கிள் நிறுத்தலாம், முதல் 24 மணி நேரம் இலவசம். இறங்கும் ஊரில் ஓவி-ஃபீட்ஸ் வாடகை சைக்கிள் கிடைக்கும். சாதாரண சைக்கிளை வேலைநாள் நெரிசல் நேரத்தில் ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள்; மடித்த சைக்கிளுக்கு மட்டும் எப்போதும் அனுமதி, டிக்கெட்டும் வேண்டாம்.

மழையைவிட எதிர்க்காற்றே சோர்வைத் தரும். அன்றைக்குப் பத்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள். மழைக்கு ஜாக்கெட்டோடு மழை பேன்ட்டும் அவசியம், தொடைதான் முதலில் நனையும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், செயின் வேகமாகத் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள்.