வெளிறிப்போன தனுஷ்கோடி
நேற்று தனுஷ்கோடியில், 1964 புயலில் இடிந்த தேவாலயத்துப் பக்கம் அண்ணன் மகனை நிறுத்தி, நிழலில் இருந்த அவன் முகத்துக்காக ஒளியைக் கூட்டி வைத்து ஒரு படம் எடுத்தேன், பையன் நன்றாகத்தான் விழுந்திருக்கிறான், பின்னால் இருந்த மணலையும் கடலையும்தான் காணோம், எல்லாம் ஒரே சுண்ணாம்பு. இதுதான் ஓவர் எக்ஸ்போஷர். இருட்டடித்த படத்தையாவது கொஞ்சம் தேற்றலாம், முழுசாக வெளுத்த இடத்தில் தேற்ற எதுவுமே மிஞ்சாது. இதற்குத் தமிழில் 'மிகை ஒளிப்பாடு' என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் ஒட்டவில்லை. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு "வெளிறிப்போச்சேடா" என்றார், அது போதும்.

ஆனால் எந்தச் சேனலைத் திருப்பினாலும் விளம்பரத்தில் வந்து நிற்கிற நடிகருக்கும் இதே ஆங்கிலச் சொல்தான், அங்கே வெளிறல் சரிவராது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்போமே, அந்தப் புளிப்புதான் பொருத்தம். பாம்பன் பாலமே எனக்கு இப்போது அப்படித்தான், தினமும் பத்துப் பேராவது ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள்.