மின்விசிறியோடு குடிமாறிய தேநீர்க் கடை

ஹாங்காங்கில் ஒரு சாப்பாட்டுக் கடை பல வருஷம் ஒரே வாசலில் தாக்குப்பிடிப்பது பெரிய விஷயம். வாடகை அப்படி. குத்தகை முடிந்ததும் கட்டடக்காரர் கேட்கும் தொகையைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டிய கடைகள் ஏராளம். கட்டடத்தையே இடித்துவிட்டு ஐம்பது மாடி எழுப்பிவிடுவதும் உண்டு. அதனால் அந்த ஊரில் 'பழைய கடை' என்றால் பெயர் பழையது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முகவரி எத்தனையாவது என்று தனியாக விசாரிக்கணும். தள்ளுவண்டியில் வரும் டிம்சமுக்கு, அதாவது தேநீரோடு சாப்பிடும் சின்னச் சின்னப் பண்டங்களுக்கு, பேர்போன லின் ஹியுங் கடை, வெலிங்டன் தெருவுக்கு வந்ததே 1996இல்தான். நான் பசியாறப் போன லுக் யூ தேநீர் இல்லமும் 1933இல் விங் குட் தெருவில் தொடங்கி, 1970களின் நடுவில் ஸ்டான்லி தெருவுக்குக் குடிமாறிய கடை.

கூட வந்தவர் ஹாங்காங்கில் நெடுநாளாக வேலை பார்க்கிற நண்பர். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "காலையிலேயே போயிடணும் தம்பி. நேரமாச்சுன்னா தட்டுத் தூக்கிட்டு வர்ற அம்மாக்களைப் பார்க்க முடியாது, சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு உட்கார வேண்டியதுதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்து, குவீன்ஸ் ரோட்டைத் தாண்டி, கொஞ்சம் ஏறினால் ஸ்டான்லி தெரு. வங்கிக்காரர்கள் கழுத்துப்பட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும் பகுதி. அதன் நடுவே கடை, பெரிதாக விளம்பரம் எதுவும் இல்லாமல் நிற்கிறது.

வாசலில் கதவைத் திறந்துவிட்டவர் தலைப்பாகை கட்டிய சீக்கியர். சீனக் கடை வாசலில் நம்மூர்க்காரரா என்று தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே பஞ்சாபிலிருந்து ஆளெடுத்து ஹாங்காங் போலீசில் சேர்த்தார்கள். அப்புறம் வங்கி, ஓட்டல், நகைக்கடை என்று எங்கே காவல் தேவையோ அங்கே சீக்கியர் நிற்பது அந்த ஊர் வழக்கமாகிவிட்டது.

உள்ளே போனதும் நின்றுவிட்டேன். கருத்துப் பளபளக்கிற மரத் தடுப்புகள், முதுகில் பளிங்குக்கல் பதித்த நாற்காலிகள், வண்ணக் கண்ணாடிச் சட்டங்கள், சுவரெங்கும் சீன ஓவியங்களும் தூரிகை எழுத்தும். மேலே மின்விசிறிகள் நிதானமாகச் சுற்றுகின்றன. குளிர்சாதனம் ஓடுகிற அறையில் விசிறிக்கு வேலையே இல்லை, ஆனாலும் சுற்றுகிறது. இடம் மாறியபோது பழைய கடையின் மரச்சாமானையும் விசிறியையும் பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே பொருத்தினார்கள். யாரும் சொல்லாவிட்டால், 1933இலிருந்து இதே கூரைக்குக் கீழேதான் இருக்கிறது என்று சத்தியமே செய்யலாம்.

நம்மூரில் புகழ்பெற்ற மெஸ் ஒன்று புதுக் கட்டடத்துக்குப் போனால் முதலில் மாறுவது மேசை, அப்புறம் விளக்கு, அப்புறம் விலை. பழைய வாடிக்கையாளர் உள்ளே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பார். இங்கே அந்தச் சங்கடம் வரவே விடவில்லை. தரைத்தளத்து மேசைகளில் பல, தினமும் வருகிறவர்களுக்கு என்று வழக்கத்தால் ஒதுங்கிப்போனவை. எங்களை மேலே அனுப்பினார்கள், அதில் வருத்தம் இல்லை. போகிற வழியில் பார்த்தேன்: ஒரு பெரியவர், எதிரே செய்தித்தாள், பக்கத்தில் தேநீர். வெள்ளைச் சட்டைப் பணியாளர் அவரிடம் ஒன்றுமே கேட்காமல் இரண்டு மூங்கில் கூடைகளை வைத்துவிட்டுப் போகிறார். நாற்காலியைத் தூக்கி வருவது எளிது. அதில் உட்கார்ந்திருந்தவரையும் கூடவே கூட்டி வந்ததுதான் சாமர்த்தியம்.

முதல் கேள்வி தேநீர்தான். எந்த இலை என்று சொன்ன பிறகே மற்றது. கடைக்குப் பெயர் கொடுத்த லுக் யூ, தாங் அரச காலத்தில் தேயிலையைப் பற்றியே ஒரு நூல் எழுதிய அறிஞர், ஆகவே இங்கே தேநீரில் விளையாட மாட்டார்கள். அண்ணன் போ லேய் சொன்னார். சீனாவின் யுன்னானிலிருந்து வரும், புளிக்கவைத்த கருந்தேயிலை. நிறம் கிட்டத்தட்டக் கருப்புக் காப்பி. வாயில் வைத்தால் கசப்பில்லை, மழைக்குப் பிந்தைய மண்வாசனை போல ஒன்று வருகிறது. பன்றிக் கொழுப்புள்ள பண்டங்களைச் சாப்பிடும்போது இது நெஞ்சைக் கரிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் என்பது உள்ளூர் நம்பிக்கை.

முதலில் ஊற்றிய தேநீரை யாரும் குடிப்பதில்லை. அதில்தான் கோப்பையையும் குச்சிகளையும் அலசி, ஒரு கிண்ணத்தில் கொட்டிவிடுகிறார்கள். அண்ணன் எனக்கு ஊற்றியபோது இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டச் சொன்னார், அது நன்றி. சீனப் பேரரசர் சியென்லுங் மாறுவேடத்தில் ஊர் சுற்றும்போது, கூட வந்த சேவகனுக்குத் தன் கையால் தேநீர் ஊற்றினாராம். காலில் விழுந்தால் வேஷம் கலைந்துவிடும் என்று அவன் விரலை மண்டியிட வைத்தானாம். கதைதான், ஆனால் கை தானாகத் தட்டப் பழகிவிட்டது. கூஜாவில் வெந்நீர் தீர்ந்தால் ஆளைக் கூப்பிட வேண்டாம், மூடியைச் சாய்த்து வைத்தால் போதும்.

தட்டுச் சுமந்த அம்மா வந்தார். கழுத்திலிருந்து வாரில் தொங்கும் தட்டு, அதன்மேல் ஆவி பறக்கும் கூடைகள். தள்ளுவண்டி பரவலாவதற்கு முந்தைய முறை இது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அண்ணன் தலையாட்டினார்.

ஹார் காவ் முதலில், இறால் கொழுக்கட்டை. கோதுமை ஸ்டார்ச்சில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறி, சூடாறும் முன் பிசைந்த மாவு. கொழுக்கட்டைக்கு மாவு கிளறுகிற அதே கைப்பழக்கம்தான். வெந்ததும் தோல் பாதி கண்ணாடியாகிவிடுகிறது. உள்ளே இறாலின் சிவப்பு தெரியும். ஒரு பக்கம் மட்டும் வரிசையாக மடிப்பு. கைதேர்ந்தவர் பதின்மூன்று மடிப்பு வைப்பார் என்று ஒரு கணக்கு உண்டு. குச்சியால் தூக்கும்போது தோல் கிழியக் கூடாது, கடிக்கும்போது பல்லில் ஒட்டக் கூடாது. இரண்டிலும் தேறியது. இறால் 'மொறுக்'கென்று கடிபட்டது, மூங்கில் குருத்து நடுவில் எங்கோ இனித்தது.

ஆனால் என் ஓட்டு அதற்கில்லை, ஈரல் சியூ மாய்க்கு. பன்றி இறைச்சி உருண்டையின் தலையில் ஈரலை ஒரு துண்டு தொப்பி மாதிரி கவிழ்த்து ஆவியில் வைத்தது. புதுக் கடைகள் பல இதைக் கைவிட்டுவிட்டன. ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தால் ஈரல் ரப்பராகிவிடும், இளசுகளும் ஈரல் என்றால் முகம் சுளிக்கிறார்கள். இங்கே அது நடுவில் லேசான ஈரத்தோடு, மாவுபோல் கரைந்தது. கடுகு விழுதைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள், மூக்கில் ஏறும்.

கடைசியாக மா லாய் கோ, ஆவியில் வெந்த பழுப்புச் சர்க்கரைக் கேக். பஞ்சு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு துண்டு சாப்பிட்டேன் என்பதைத் தவிர.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முள்ளங்கிக் கேக் என்று பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அரிசி மாவும் முள்ளங்கியும் போக, காய்ந்த இறாலும் பன்றித் தொத்திறைச்சியும் அதில் சேரும். சேனைபோல் இருக்கும் கிழங்கு வடைக்குள்ளும் இறைச்சிதான். தேநீர் மட்டும் போதும் என்றால் தைரியமாக வாருங்கள்.

டிம்சம் பட்டியலில் ஒரு பகுதி வாராவாரம் மாறும். 1920களில் கான்டன் (இன்றைய குவாங்சோ) நகரத் தேநீர்க் கடைகள் போட்டி போட்டுக்கொண்டு தொடங்கிய வழக்கம் அது. மதியம் வந்தால் சீனப் பாதாம் எனப்படும் ஆப்ரிகாட் பருப்பின் சாறு ஊற்றிய பன்றி நுரையீரல் சூப்பு கேளுங்கள் என்றார் அண்ணன். நுரையீரலுக்குள் குழாய்த் தண்ணீரை விட்டு விட்டு, வெளுக்கும் வரை கழுவ வேண்டும். வேலை அதிகம் என்பதாலேயே பல கடைகள் அந்தப் பக்கம் போவதில்லை.

இவ்வளவு சாந்தமான இடத்தில் ஒரு கொலை நடந்திருக்கிறது. 2002 நவம்பரில், காலை டிம்சம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நிலத் தொழிலதிபரைக் கூலிக்கு வந்தவன் தலையில் சுட்டுவிட்டுப் போனான். அண்ணன் இதைச் சியூ மாய் மென்றுகொண்டே சொன்னார். "அதுக்கப்புறம் கூட்டம் குறைஞ்சுதா அண்ணே?" என்றேன். "எங்க குறையுது? அவங்கவங்க மேசைக்கு அவங்கவங்க வந்துட்டேதான் இருக்காங்க."

பில்லில் ஆளுக்குத் தேநீர்க் கட்டணம் தனியாக இருக்கும், கேட்காமல் வைத்த தொட்டுக்கொள்ளும் சமாச்சாரமும் அதில் அடக்கம். மலிவான கடை இல்லை. தெருமுனை டிம்சம் கடையில் இதே பணத்துக்கு இரண்டு மடங்கு சாப்பிடலாம். இறால் மட்டும்தான் வேண்டும் என்றால் நான் அங்கேதான் போவேன். ஈரலுக்கும் அந்த நாற்காலிக்கும் இங்கே.

வெளியே வந்து விங் குட் தெருவையும் பார்த்துவிடலாம் என்று நடந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குவீன்ஸ் ரோட்டுக்கும் டெ வூ ரோட்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து, இரண்டு பக்கமும் கவரிங் நகை, மணி, ஹேர்கிளிப். தேநீர்க் கடை எந்த வாசலில் இருந்தது என்று அண்ணன் இரண்டு கடையில் விசாரித்தார். ஒருவர் கையை ஸ்டான்லி தெருப் பக்கம் நீட்டி வழி சொன்னார். இன்னொருவர் மகளுக்கு வாங்கிப் போங்கள் என்று அண்ணன் கையில் ஒரு டஜன் ஹேர்கிளிப்பைத் திணித்துவிட்டார்.