ஊதாக் கழுத்து

மொட்டைக்கழுத்துச் சேவலையும், பஞ்சு மாதிரி இறகுள்ள சில்கி இனப் பெட்டையையும் ஜோடி சேர்த்தபோது என் கண்ணுக்குள் இருந்தது ஒரே படம்தான்: உடம்பெல்லாம் பஞ்சு, தலையில் கொண்டை, நடுவில் வெறுங்கழுத்து. ‘ஷோகேர்ள்’ என்பார்கள். பார்த்தால் சிரிப்பும் வரும், ஆசையும் வரும்.

சில்கிக்கு அடையில் உட்காரச் சொல்லித்தரவே வேண்டாம், எழுப்புவதுதான் பாடு. 21 நாளில் 7 முட்டைக்கு 6 குஞ்சு. ஓட்டை விட்டு வந்த அன்றே ஆறுக்கும் கழுத்து மொட்டை. முன்பக்கம் மட்டும் ஒரு சின்னக் கொத்து, யாரோ போ டை கட்டிவிட்டது மாதிரி. மொட்டைக்கழுத்து மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் இந்தக் கொத்து நிற்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் அதுவும் போய்விடும். அப்பன் சேவலுக்குக் கழுத்து சுத்த வெறுமை. ஆக ஆறும் அப்படி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் இறகு முளைத்தபோதுதான். பஞ்சைக் காணோம்! சாதாரணக் கோழி இறகு. பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணியைப் படித்தவன்தான் நான். ஆனாலும் சில்கியின் பஞ்சிறகு ஒடுங்கு பண்பு, முதல் தலைமுறையில் தலைகாட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. வெயில் பட்டு வெறுங்கழுத்து சிவந்துபோனதைப் பார்த்துவிட்டார்.

“ஏம்ப்பா, புண்ணோட விட்டு வச்சிருக்கியே, பாவம் இல்லையா?”

“புண் இல்ல பெரியம்மா, பிறவியே அப்படித்தான்.”

விடுவாரா? 2011-இல் எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தில் கண்டுபிடித்ததை வேலியோரம் நின்று விளக்கினேன். ஒரு புரதம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது, கழுத்துத் தோல் அதற்குச் சட்டென்று பணிந்துவிடுகிறது, அதனால் அங்கே இறகு முளைப்பதில்லை. இறகு குறைவதால் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். “சரி, வான்கோழி கூடச் சேர்த்துட்டியா?” என்றார்.

வான்கோழிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், ஆறும் ஊதாக் கழுத்தோடு உலாத்துகின்றன. புண்ணுக்குத் தடவும் ஜென்ஷன் வயலட்! போ டை கூட ஊதா. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் விரல்களும் ஊதா.

“கழுத்துல முடியில்ல, கால்ல விரல் மட்டும் அஞ்சு. எண்ணிப் பார்த்தியா?”

அது அம்மா வழிச் சொத்து, சில்கிக்கு அஞ்சு விரல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

நான் சளைக்கவில்லை. அந்த ஆறில் ஒரு பெட்டையை சில்கிச் சேவலோடு சேர்த்தேன். கணக்குப்படி நாலில் ஒன்று நான் கேட்டபடி பிறக்க வேண்டும். 8 குஞ்சு பொரிந்தது. இரண்டை எதிர்பார்த்தேன், தேறியது ஒன்று. ஆனால் அது அச்சு அசல்: பஞ்சு உடம்பு, கொண்டை, வெறுங்கழுத்து.

கையில் ஏந்திக்கொண்டு வேலியோரம் போனேன். பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு மேலும் கீழும் பார்த்தார். பஞ்சை ஒரு விரலால் தொட்டார்.

“இதுக்கு இறகும் சரியா வரலையே. இரு, மருந்து எடுத்துட்டு வரேன்.”